எண்ணுவது யார்?

மலேசியாவின் கீழ்ப்பேராக் வட்டாரத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கணிதப் பயிற்சி இப்போது பல வேளைகளில் அம்மாவின் கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. ஆசிரியர் வோர்ட்வால் தளத்தில் கூட்டல் விளையாட்டு ஒன்றைத் தயாரித்து, அதன் இணைப்பைப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுகிறார். பிள்ளை பலூனை உடைக்கிறது, பெட்டியைத் திறக்கிறது, சக்கரத்தைச் சுழற்றுகிறது. தெலுக் இந்தான் பட்டணத்துப் பள்ளியானாலும் சரி, ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் இருக்கும் சிறு பள்ளியானாலும் சரி, இது பழகிப்போன காட்சி. பெருந்தொற்றுக் காலத்து இல்லிருப்புக் கற்றல் விட்டுச்சென்ற வழக்கம் அது. ஆசிரியர்கள் தங்கள் சொந்த நேரத்தைச் செலவழித்து இவற்றைத் தமிழில் உருவாக்கி, பிற பள்ளிகளோடும் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த உழைப்பு வீண்போகக் கூடாது என்பதால்தான் இந்தக் கேள்வியை எடுக்கிறேன்: இவற்றால் பிள்ளைக்குக் கணிதம் வருகிறதா?

வரும், வராது என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. உலகில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், விளையாட்டுக்குள் எண்ணும் வேலையைச் செய்வது யார் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. பிள்ளை எண்ணினால் பிள்ளைக்கு வருகிறது. கருவி எண்ணிக் கொடுத்தால் பிள்ளைக்கு விரல் வேகம் மட்டும் வருகிறது.

இதைக் கணினியே இல்லாத ஓர் ஆய்விலிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ராமானி இருவரும் ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பலகை விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒன்று முதல் பத்து வரை கட்டங்கள், ஒரே நேர்க்கோட்டில். சுழல்முள்ளைச் சுற்றினால் ஒன்று அல்லது இரண்டு விழும்; காயை அத்தனை கட்டம் நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். 2008-இல் வெளிவந்த முடிவின்படி, அந்தச் சிறிய பயிற்சியிலேயே பிள்ளைகளின் எண்ணறிவு நன்கு உயர்ந்தது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் பலன் நிலைத்திருந்தது. அதே பலகையில் எண்களுக்குப் பதில் வண்ணங்களை வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. கட்டங்களை வட்டமாக அடுக்கியபோதும் பலன் குறைந்தது. எண் பெரிதாகப் பெரிதாகக் காய் கடக்கும் தூரமும், வாய் சொல்லும் எண்களும், கை செய்யும் அசைவுகளும் கூடவே பெருகுகின்றன. நேர்க்கோடு அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

பிறகு 2014-இல் சீக்லரும் எலிடா லாஸ்கியும் நூறு கட்டப் பலகையை வைத்து இன்னும் நுணுக்கமான ஒன்றைக் கண்டார்கள். நம் பரமபதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய் 25-இல் நிற்கிறது, தாயம் 3 விழுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே நகர்த்துவார்கள். ஆய்வில் சில பிள்ளைகளிடம் கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்லச் சொன்னார்கள்: இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. பலகை, காய், ஆட்ட நேரம் எதிலும் மாற்றம் இல்லை. ஆனாலும் கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்களே தெளிவாக முந்தினார்கள். ஒன்றிலிருந்து எண்ணியவர்கள் பலகையை வெறும் பாதையாக மட்டுமே பார்த்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது அதே பரமபதத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். தாயத்தைத் தொட்டால் தானே உருள்கிறது. காய் தானே தாவித் தாவிப் போகிறது. பாம்பு தானே இறக்குகிறது. ஒரு எண்ணைக்கூட வாயால் சொல்லாமல் பிள்ளை நூறைத் தொட்டுவிடும். பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்து வடிவமைத்தவர், எந்தச் சிரமத்தில் கல்வி இருந்ததோ அதையே எடுத்துவிட்டார்.

தெலுக் இந்தானில் தெரிந்தவர் வீட்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டல் விளையாட்டு ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 8+5 என்று வந்தது. கீழே நான்கு விடைகள். அவள் கணக்கையே பார்க்கவில்லை. முதல் விடையைத் தொட்டாள், சிவப்பு. அடுத்தது, சிவப்பு. மூன்றாவது பச்சையானதும் மணி அடித்தது, நட்சத்திரம் விழுந்தது, அடுத்த கணக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் முழு மதிப்பெண். அவள் ஏமாற்றவில்லை. ஆட்டத்தின் விதி எதற்குப் பரிசு கொடுத்ததோ அதைச் சரியாகக் கற்றுக்கொண்டிருந்தாள். பிறகு அவளிடம் புளியங்கொட்டையைக் கொடுத்து எட்டோடு ஐந்து சேர்க்கச் சொன்னபோது, எட்டை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். எட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று தொடர்ந்து எண்ணும் படியை அவள் இன்னும் எட்டவில்லை. இது அந்த வயதில் இயல்பான நிலைதான். அந்த விளையாட்டு அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்; கண்டுபிடிக்கவில்லை.

கணினிக் கணித விளையாட்டின் வரலாற்றில் நல்ல வடிவமைப்பு தொடக்கத்திலேயே இருந்தது என்பது வியப்பளிக்கும். இலினோய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் 1970-களில் போனி சைலர் 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' என்ற ஆட்டத்தை எழுதினார். மூன்று எண்கள் விழும். அவற்றைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ ஒரு கோவையாகப் பிள்ளை அமைக்க வேண்டும். வரும் விடை அளவுக்கு எண்கோட்டில் வண்டி நகரும். பெரிய விடை எப்போதும் நல்ல விடை ஆகாது. பத்தின் மடங்கில் ஊர் இருக்கிறது, இடையில் குறுக்குவழி இருக்கிறது, எதிராளி நிற்கும் இடத்தில் போய் நின்றால் அவரைப் பின்னுக்குத் தள்ளலாம். ஆகவே ஒரே மூன்று எண்ணைப் பிள்ளை நான்கைந்து விதமாகப் போட்டுப் பார்த்தே தீரும். இங்கே கணக்கு ஆட்டத்துக்கு வெளியே நிற்கும் காவல்காரன் அல்ல; அதுவே ஆட்டம். ஷரன் டக்டேல் அதே அமைப்பில் எழுதிய 'டார்ட்ஸ்' ஆட்டத்தில், எண்கோட்டில் பலூன் நிற்கும் இடத்தைப் பின்னமாக ஊகித்து அம்பு எய்ய வேண்டும். தவறினாலும் எவ்வளவு தள்ளிப் போனோம் என்பது கண்ணுக்குத் தெரியும். 1980-இல் தாமஸ் மலோன் இதே ஆட்டத்தைக் கூறுகூறாகப் பிரித்துச் சோதித்து, பிள்ளையைப் பிடித்துவைப்பது எது என்று ஆராய்ந்தார். கல்வி விளையாட்டைப் பற்றிய முறையான சிந்தனை அங்கிருந்து வளர்ந்தது.

வீட்டுக் கணினி வந்ததும் சந்தை வேறு வழியில் போனது. 1983-இல் வெளிவந்த 'மேத் பிளாஸ்டர்' ஆட்டத்தில் கணக்குக்கு விடை சொன்னால் சுடலாம். இந்த அமைப்புதான் இன்றுவரை நம் கைப்பேசிகளில் நிறைந்திருக்கிறது: கணக்கு ஒரு சுங்கச்சாவடி, கட்டணம் கட்டினால் விளையாட்டு. இவ்வகையை முற்றாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றிய மரபு நமக்கு உண்டு. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி எடுக்கும் நகரத்தாரின் முன்னோர் பின்னக் கணக்கைத் தாளில்லாமல் போட்டது அந்தப் பயிற்சியால்தான். ஒருமுறை புரிந்த கூட்டலை விரைவாக்கவும், சிஃபிர் எனும் பெருக்கல் வாய்ப்பாட்டை உறுதியாக்கவும் மீள்பயிற்சி வேண்டும். பொறுமை இழக்காமல் நூறு முறை கேட்கும் கருவி அதற்கு உதவும். புரியாத பிள்ளைக்குப் புரியவைக்க மட்டும் அதனால் முடியாது.

இரண்டு அமைப்புகளையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் ஐன்ஸ்வொர்த். 2011-இல் வந்த அவர்கள் ஆய்வில், மார்பில் எண் எழுதிய எலும்புக்கூடுகளை அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தால் பிள்ளைகள் வீழ்த்த வேண்டும். ஒரு குழுவுக்கு வகுத்தலே சண்டை. இன்னொரு குழுவுக்குச் சண்டை தனி, இடையிடையே வகுத்தல் கேள்விகள் தனி. முதல் குழு அதிகம் கற்றது. எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, பிள்ளைகள் முதல் வகை ஆட்டத்தோடு ஏழு மடங்கு நேரம் இருந்தார்கள்.

ஆனால் நல்ல வடிவமைப்பு ஒன்றே போதாது என்பதற்கு டில்லி சாட்சி. எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்ளோ, மோய்ரா டில்லன் முதலானோர் அங்கே 214 பாலர் பள்ளிகளில் 1,540 பிள்ளைகளோடு எண் விளையாட்டுகளை நடத்தி 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம், எந்த வடிவம் ஒவ்வாதது என்று உணரும் திறன் வளர்ந்தது. ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. பள்ளியில் எழுதும் கணக்கில் மட்டும் அது எதிரொலிக்கவே இல்லை. பின்லாந்தில் 'நம்பர் ரேஸ்' விளையாட்டைப் பாலர் பள்ளியில் சோதித்தபோதும் இதே கதை: எது பெரிய எண் என்று ஒப்பிடுவது மேம்பட்டது, கூட்டல் மேம்படவில்லை. ஐந்து புள்ளியைப் பார்த்துச் சொல்வதிலிருந்து '5' என்ற குறிக்கும், அங்கிருந்து 2+3 என்ற எழுத்துக்கும் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தை யாராவது கட்டியாக வேண்டும். எங்கள் பள்ளிகளில் அது ஆசிரியரின் வேலை.

ஆசிரியர் என்றதும் குஜராத்தின் இரண்டு ஆய்வுகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தக் கேள்வி முழுவதிலும் எனக்கு மிகப் பெரிய பாடமாகப் படுபவை அவைதான். வடோதராவில் பிரதம் அமைப்பு நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகளைக் கணினியில் கொடுத்தது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். அபிஜித் பானர்ஜி, டுஃப்ளோ குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி கணித மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய ஏற்றம். திட்டம் நின்று ஓராண்டானதும் அது ஏறத்தாழ 0.10 ஆகக் கரைந்தது. பானர்ஜி குழுவில் இருந்த லீ லிண்டன் அதே மாநிலத்தில் ஞான்சாலா பள்ளிகளில் வேறொன்றைச் சோதித்தார். பாட நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியைக் கொடுத்தபோது மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் சரிந்தது. அதே மென்பொருளைப் பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதல் பயிற்சியாகக் கொடுத்தபோது 0.28 உயர்ந்தது. மென்பொருள் மாறவில்லை, ஆசிரியரின் இடத்தைப் பிடித்ததா, ஆசிரியருக்குத் துணையாக நின்றதா என்பது மட்டுமே மாறியது.

மலேசியா இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்காமலேயே கருவிகளை வாங்கிய நாடு என்று வருத்தத்தோடு சொல்கிறேன். பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஓர் அங்கமாக 1999-இல் விவேகப் பள்ளி முன்னோட்டம் தொடங்கியது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் மடிக்கணினி, படவீழ்த்தி, பாடக் குறுவட்டு எல்லாம் வந்தன. அந்தக் குறுவட்டில் அசைந்தது திரை, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. 2011 முதல் முதலாம் ஆண்டுக் கணிதம் தமிழுக்குத் திரும்பியபோது அந்த ஆங்கிலக் குறுவட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. அடுத்து வந்த ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையத்தையும் ஃபுரோக் கற்றல் தளத்தையும் தந்தது. அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019-இல் திட்டம் முடிந்தது. 2020-இல் டெலிமா கற்றல் தளம் வந்தது. அதே ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கல்வியமைச்சு எடுத்த கணிப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று தெரிந்தது. தோட்டத்து வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவின் ஒரே கைப்பேசி, அதுவும் அவர் வேலை முடிந்து திரும்பிய பிறகு என்ற நிலையை நாம் எல்லோரும் அறிவோம்.

டிம்ஸ் என்ற அனைத்துலகத் தேர்வில் நம் இரண்டாம் படிவ மாணவர்களின் கணிதச் சராசரி 1999-இல் 519, 2019-இல் 461, 2023-இல் 411. பழியைக் கருவிகள்மேல் போட முடியாது. பெருந்தொற்று உட்படப் பல காரணங்கள் உண்டு. இத்தனை கருவிகளாலும் அந்தச் சரிவைத் தடுக்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

இனி மொழி. மலாவியில் நிக்கோலா பிட்ச்ஃபோர்ட் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பில்லியன் அமைப்பின் கணிதச் செயலியைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எட்டு வாரம் கைக்கணினியில் ஆடி நல்ல முன்னேற்றம் கண்டார்கள். அந்தச் செயலி அவர்களோடு சிச்சேவா மொழியில் பேசியது. ஆறு வயதில் படிக்கத் தெரியாது, குரல்தான் எல்லாம். தமிழில் இதைச் செய்வதில் ஒரு நுட்பமான இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலச் செயலிகள் இருபதுக்கு ஒரு ஒலித்துண்டு, மூன்றுக்கு ஒரு ஒலித்துண்டு என்று பதிந்து ஒட்டுகின்றன. தமிழில் அப்படி ஒட்டினால் "இருபது மூன்று", "நூறு இருபது மூன்று" என்று கேட்கும். இருபத்து மூன்று, நூற்று இருபத்து மூன்று என்று வர, ஒவ்வொரு எண்ணையும் தனியே பதிய வேண்டும். நூறு வரை நூறு பதிவுகள். ஓர் ஆசிரியர் ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடிய வேலை. ஜீகாம்ப்ரி போன்ற கட்டற்ற மென்பொருளில் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்ப்பையும் குரலையும் சேர்க்கலாம். காசுக் கணக்குக்கும் இது பொருந்தும். முதலாம் ஆண்டுப் பாடத்தில் ரிங்கிட்டும் சென்னும் உண்டு. நம் பிள்ளைகள் கையில் புழங்குவது 5, 10, 20, 50 சென். அமெரிக்கச் செயலியோ 25 காசு நாணயத்தைக் காட்டுகிறது. கடைக்குப் போய் மீதி வாங்கும் அனுபவத்தோடு அந்த ஆட்டம் எங்கே ஒட்டும்?

வீட்டில் யார் உடனிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சிக்காகோவில் 587 முதலாம் வகுப்புப் பிள்ளைகளோடு நடந்த ஓர் ஆய்வில், ஒரு பகுதிக் குடும்பங்களில் உறங்கும் முன் ஒரு குட்டிக் கதையும் அதிலிருந்து சில கணக்குகளும் கொடுக்கும் செயலியைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பயன்படுத்தினார்கள். 2015-இல் வந்த அந்த ஆய்வில் மிகுந்த பலன் பெற்றவர்கள், கணக்கென்றாலே அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள். தனக்குக் கணக்கு வராது என்று ஒதுங்கும் அம்மாவுக்கும் பேச ஒரு பிடி கிடைத்தது, அவ்வளவுதான். மாறாக, இலவசம் என்று வரும் பல விளையாட்டுகள் பிள்ளையைத் தனியே பிடித்து வைக்கவும், பணம் கட்டிய பிள்ளைக்கு மட்டும் அழகான செல்லப்பிராணி கொடுக்கவும் செய்கின்றன. பிராடிஜி என்ற கணித விளையாட்டின்மேல் 2021-இல், பின்னர் ஃபேர்பிளே எனப் பெயர் மாறிய அமைப்பு அமெரிக்க வணிக ஆணையத்திடம் புகார் கொடுத்தது இதற்காகத்தான். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன எல்லை நாளுக்கு ஒரு மணி நேரம். குறைவானால் இன்னும் நல்லது.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஓர் இடத்தில் இந்த விளையாட்டுகளுக்கு உண்மையான தேவை இருப்பதாக நினைக்கிறேன். 1906-இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டத்தில் பிரிவுக்கொன்றாகத் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த பிறகு இத்தகைய தோட்டப் பள்ளிகள் பலவும் குறைந்த மாணவர் பள்ளிகளாயின. முப்பதுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளியில் இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பாகச் சேர்ப்பார்கள். ஆசிரியர் இரண்டாம் ஆண்டுக்குக் கழித்தலை விளக்கும் இருபது நிமிடம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தாமாக ஏதாவது செய்தாக வேண்டும். கணினி விளையாட்டு அங்கே யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை. காலியாக இருக்கும் நேரத்தை நிரப்புகிறது. வடோதராவைப் போல ஒரு கருவிக்கு இரண்டு பிள்ளைகளாக உட்காரவைத்தால், "இல்ல, ஆறுலருந்து எண்ணு" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் பேச்சும் நடக்கும். கருவி இல்லாத நாளில், நம் பல்லாங்குழியை ஒத்த சொங்காக் பலகை போதும். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போட்டு, நான்கு சேர்ந்ததும் பசு என்று எடுக்கும் கை ஒவ்வொரு முத்தையும் தானே எண்ணியாக வேண்டும்.

அந்த இருபது நிமிடம் முடிந்ததும் ஆசிரியருக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் இன்றைய விளையாட்டுகள் கைவிடுகின்றன. பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் வருகிறது. தவறான மூன்றும் எப்படித் தவறின என்று வருவதில்லை. 1978-இலேயே ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும், பிள்ளைகளின் கழித்தல் பிழைகள் கவனக்குறைவால் வருவன அல்ல, பல வேளைகளில் ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருவன என்று காட்டினார்கள். 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதும் பிள்ளை, ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 71-இலிருந்து 45 போனால் 34 என்றும் அதே பிள்ளை எழுதும். விடைகளைத் தேர்வாகக் கொடுக்காமல் பிள்ளையே இலக்கத்தை இடச் செய்து, இட்ட இலக்கத்தைச் சேமித்து, "இந்தப் பிள்ளை கடன் வாங்காமல் கழிக்கிறது" என்று ஒரே வரியில் ஆசிரியருக்குச் சொல்லும் தமிழ் விளையாட்டு நமக்கு வேண்டும். தமிழ்க் கணிமைக்கு எழுத்துருவும் விசைப்பலகையும் செய்து தந்த நாடு இது. தெலுக் இந்தானின் ஐந்தாறு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் நிரலெழுதத் தெரிந்த ஒரு பழைய மாணவரும் சேர்ந்தால், முதலாம் ஆண்டுக்கு நூறு வரை கூட்டல், கழித்தல் என்ற அளவில் ஒரு பள்ளி விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம்.